உறைமேல் எழுதிய பெயர்

டன்லோ, மிசிசிப்பி
12 மார்ச் 1962

வெர்டெல்,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

கோழிகள் சுகம். சிவப்புப் பெட்டை மட்டும் ஒன்பது நாளாக முட்டையிடவில்லை, குழம்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்ட ஊர்ச் செய்தி அவ்வளவுதான். இனி நீ செய்த காரியத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை தபால் ஜன்னலுக்குப் போனேன். வழக்கம்போல வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும்வரை நம் கறுப்பு ஆட்கள் நிற்கிற சுவரோரமாக நின்றேன். என்னிடம் பாவாடை தைக்கக் கொடுப்பாளே அந்த மிஸஸ் கிராப்ட்ரீ, ஒரே ஒரு தபால்தலை வாங்குவதற்குப் பத்து நிமிஷம் தன் பூனையைப் பற்றிப் பேசினாள். பிறகு என் முறை. ஜன்னலுக்குப் பின்னால் அந்த ஹக்கபி. உன் உறையை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"ஓ-ஸெல்-லா பெட்டவே! யாருப்பா இது ஓஸெல்லா?"

நான் உறைக்காகக் கையை நீட்டினேன்.

"ஏ தையல்காரி, உன்னத்தான். ‘ஓ’ன்னா ஓஸெல்லாவா? இதையா இத்தன வருஷமா மூடி வச்சிருந்த?"

கதவுவரை போயிருந்த மிஸஸ் கிராப்ட்ரீ திரும்பி வந்தாள். "ஓஸெல்லாவா! அழகான பேராச்சே. இனிமே நான் அப்படியே கூப்பிடறேன்" என்றாள். எனக்குப் பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னாள்.

அம்மா உனக்கும் எனக்கும் ஒரே பாடத்தைத்தான் சொன்னாள். நம் முதல் பெயர் உள்பாவாடை மாதிரி, வீட்டு ஆட்கள் பார்த்தால் போதும் என்பாள். ஏன் சொன்னாள்? வெள்ளைக்காரன் நமக்கு மிஸஸ் போட மாட்டான், நாக்கு வெந்துபோய்விடும். முதல் பெயர் தெரிந்தால் அதைச் சொல்லிக் கூப்பிடுவான், தன் வீட்டு நாயைக் கூப்பிடுகிற மாதிரி. தெரியாவிட்டால்? திண்டாடுவான். ‘ஏ’ என்பான், ‘இந்தா’ என்பான், மென்று முழுங்குவான். அந்தத் திண்டாட்டத்தை முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ரசித்தவள் நான். எங்கும் ‘ஓ. எல். பெட்டவே’ என்றே எழுதினேன்; ‘ஓ’ன்னா என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஓன்னா ஓதாங்க" என்று சொல்லி அனுப்பினேன். வயதாகிறது என்று ‘ஆன்ட்டி’ போட்டுப் பார்த்தார்கள். மிஸஸ் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக உறவு கொண்டாடுவார்கள் பார். "நான் உங்க அப்பாகூடப் பிறந்தவ இல்லீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அதையும் நிறுத்தினேன்.

கட்டின புருஷன் ராஸ்கோகூட, அவர் ஆத்மா சாந்தியடையட்டும், வாசலுக்கு வெளியே என்னை மிஸஸ் பெட்டவே என்றுதான் கூப்பிட்டார். நீ நாலு செண்ட் தபால்தலையை ஒட்டி அந்த முதல் பெயரை ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணிவிட்டாய். பன்னிரண்டு வகுப்பு படித்தவள். எங்கே வைத்தாய் அந்தப் படிப்பை?

மிஸஸ் ஓ. எல். பெட்டவே
(உனக்கும் இனி அப்படித்தான்)


சிகாகோ
21 மார்ச் 1962

மாட்சிமை தங்கிய மிஸஸ் ஓ. எல். பெட்டவே அவர்களுக்கு,

தங்கள் தங்கை வெர்டெல், இன்னும் உயிரோடிருப்பவள், எழுதிக்கொள்வது.

ஜனவரியிலிருந்து நான் தபால் அலுவலகத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலையில் இருப்பது தாங்கள் அறிந்ததே. முதல் நாளே அங்கே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்: முழுப் பெயர், முழு விலாசம். வெறும் எழுத்துப் போட்டு வந்தால் ஆணா பெண்ணா தெரியாது, ஆளா கடையா தெரியாது. வாரத்துக்கு ஒரு மூட்டைக் கடிதம் இப்படிப் போய்ச்சேராமலே செத்துப்போகிறது. என் அக்காவுக்குப் போகிற கடிதம் சாக வேண்டாமே என்று நினைத்துவிட்டேன். அதுதான் என் குற்றம். எந்தக் கிளையில் தொங்கவிடப் போகிறாய், சொல்லு.

உனக்கு ‘மிஸஸ்’ அவ்வளவு இனிக்கிறதா? இங்கே என்னை எல்லோரும் மிஸ் பிக்கன்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் வாடகை வீடு ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டேன். "வாங்க மிஸ் பிக்கன்ஸ், காலியாத்தான் இருக்கு." என் குரல் தொலைபேசியில் வெள்ளையாகத்தான் இருக்கும்போல. நேரில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "அடடா, மிஸ் பிக்கன்ஸ். இப்பத்தான் ஒருத்தர் முன்பணம் கொடுத்துட்டுப் போறார், மிஸ் பிக்கன்ஸ்." ஒரே மூச்சில் இரண்டு மிஸ். வீடு மட்டும் இல்லை. நான் இன்னும் பழைய அறையில் எலியோடுதான் குடியிருக்கிறேன். எலியும் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறது.

அந்த இரண்டு மிஸ்ஸையும் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பட்டுமா? போர்த்திக்கொண்டு படு. குளிர் விடுகிறதா பார்.

மாடி வீட்டுக்காரியின் பல் செட்டு கழிவறைக் குழாயில் விழுந்துவிட்டது. கட்டிடம் முழுக்க இரண்டு நாளாக அதே பேச்சு. நீ அங்கே பெயர் போச்சு என்று அழுகிறாய்.

வெர்டெல்


டன்லோ
4 ஏப்ரல் 1962

வெர்டெல்,

மறுபடியும் அதே பெயரை எழுதி அனுப்பியிருக்கிறாய். வேண்டுமென்றே. ஹக்கபி இந்த முறை உறையைப் பார்க்கக்கூட இல்லை. "ஓஸெல்லா, உன் சிகாகோக்காரி எழுதிட்டா பாரு" என்றான், என் சிற்றப்பன் மகன் மாதிரி.

இப்போது மருந்துக் கடையில் ஓஸெல்லா. துணிக் கடையில் ஓஸெல்லா. பனிக்கட்டி விற்கிறவன் தெருமுனையிலிருந்தே கத்துகிறான். நேற்று மிஸஸ் கிராப்ட்ரீ வீட்டில் அவள் பேத்திக்குக் கவுனின் கீழ்மடிப்பு அளந்துகொண்டிருந்தேன். தரையில் முழங்கால் போட்டு, வாயில் ஆறு குண்டூசி. அந்தக் குட்டிக்கு ஆறு வயது. "ஓஸெல்லா, சீக்கிரம் முடி. எனக்குக் கால் வலிக்குது" என்கிறது. பாட்டிக்காரி சிரிக்கிறாள், பிள்ளைக்கு ஒரு பாட்டு மனப்பாடம் ஆகிவிட்ட மாதிரி. நானும் பேசியிருப்பேன். வாயில் குண்டூசி இருந்தது.

உனக்கு அங்கே மரியாதை இருக்கிறது, வீடு இல்லை என்கிறாய். எனக்கு வீடு இருக்கிறது. நானும் ராஸ்கோவும் ஆணி ஆணியாக அடித்துக் கட்டினது. அதைப் பற்றி நான் உன்னிடம் பீற்றிக்கொண்டேனா?

இன்னொரு உறையில் அந்தப் பெயரைப் பார்த்தேனானால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

சிவப்புப் பெட்டையைக் குழம்பு வைத்தாகிவிட்டது. மனக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

மிஸஸ் ஓ. எல். பெட்டவே


சிகாகோ
19 மே 1962

அக்கா,

செய்துவிட்டாய். என் ஈஸ்டர் கடிதம் திரும்பி வந்தது. ‘இப்படி ஒருத்தி இங்கே இல்லை’ என்று உறைமேல் உன் கையெழுத்து. கோடு போட்ட மாதிரி எவ்வளவு நேரான எழுத்து! அதுவும் எந்தப் பிரிவு மேசைக்கு வந்தது தெரியுமா? என் மேசைக்கே. பக்கத்தில் நின்ற மனுஷி கேட்டாள், "யாருக்கு எழுதின, செத்தவங்களுக்கா?"

அதனால் இந்த உறையில் பெயரே போடவில்லை. ‘மில் ரோடு, தையல் மெஷின் சத்தம் கேட்கிற வீடு, டன்லோ’ என்று எழுதியிருக்கிறேன். ஹக்கபிக்கு மூளை இருந்தால் கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கோபப்படுவாய். படு.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெயரை மறைத்து வைத்ததைத் தவிர வேறு என்ன செய்தாய்? கடையில் பின்வாசல் வேண்டாம், முன்வாசல் வேண்டும் என்று கேட்டாயா? தபால் ஜன்னலில் உன் முறையைக் கேட்டாயா? ஓட்டுரிமையைக் கேட்டாயா? ராஸ்கோ அத்தான் போருக்குப் போய் வந்தார், ஒரு தடவை ஓட்டுப் போட்டாரா? எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீ ஒரே ஒரு எழுத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்? உன் பெயர் தெரியாததால் எவனாவது பட்டினி கிடந்தானா?

நான் ஊரைவிட்டுக் கிளம்பினபோது நீ என்னைக் கோழை என்றாய். இருக்கட்டும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதற்கு என்ன பெயர்?

வெர்டெல்


டன்லோ
27 ஆகஸ்ட் 1962

வெர்டெல்,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. உன்னை வைவதற்கே பொழுது சரியாக இருந்தது. அடுப்படியில் வைதேன், மெஷினில் வைதேன், தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவிலும் வைதேன். வைது முடிந்ததும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனேன்.

துணைக்கு லூதர் ஸ்பைவி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருப்பவர், உனக்குத் தெரியும், தேவாலயத்தில் பிரசங்கம் தொடங்கினால் தூங்குவார். பதிவாளர் அறையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். நாற்காலி நாலு இருந்தது. நாலும் காலியாக இருந்தது.

"என்ன வேணும் ஓஸெல்லா?" என்றார் பதிவாளர். பார், உன் உறை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று.

"ஓட்டுக்குப் பேர் பதிய வந்தேங்க."

"யாரு அனுப்புனது உன்ன?"

"என் தங்கச்சி" என்றேன். பொய் இல்லையே.

தாளைக் கொடுத்தார். முதல் கேள்வி, முழுப் பெயர். அடுத்து இருபது கேள்வி இருந்தது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது அந்த முதல் வரியில்தான். ‘ஓ’ என்று எழுதி நிறுத்தினேன். அந்த ஓ இவ்வளவு நாள் எனக்கு வேலி மாதிரி இருந்தது. பிறகு மிச்சத்தையும் எழுதினேன். ஓஸெல்லா லெவோனியா பெட்டவே. எனக்கு நடுப் பெயர் உண்டென்று உனக்கே மறந்திருக்கும்.

சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைப் பிரித்துக் காட்டி, பார்த்து எழுதி அர்த்தமும் எழுதச் சொன்னார். கால்வாய் வெட்டுவதற்கு யாருக்கு என்ன அதிகாரம் என்று இருந்தது, சுற்றி வளைத்து. பார்த்து எழுதினது அச்சு மாதிரி. பருத்தி எடுக்கிற காலமெல்லாம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம்தான், அஞ்சாவதோடு சரிதான், ஆனால் என் எழுத்தில் யாரும் குறை சொன்னதில்லை. அர்த்தம் என்று கேட்ட இடத்தில் எழுதினேன்: ‘அரசாங்கம் கால்வாய் வெட்டலாம். அந்தக் கால்வாய் எங்கள் தெரு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிடும்.’

படித்துப் பார்த்தார். "தேறல" என்றார்.

"எது தப்புங்க?"

"அதச் சொல்லக் கூடாது."

"சரியா எழுதியிருந்தா, சரின்னு சொல்லலாமா?"

கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் என்று மேசையைப் பூட்டினார். போகும்போது ஸ்பைவியிடம், "மாடெல்லாம் நல்லா இருக்கா லூதர்?" என்று விசாரித்தார். அவர் இதுவரை மாட்டை விசாரித்ததே இல்லையாம்.

ஓட்டுக்குப் பதியக் கேட்டு வந்தவர்கள் பெயரையெல்லாம் இரண்டு வாரம் பேப்பரில் போட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்பதற்காம். ஒரு எழுத்தை ஒளித்து வைத்தேன் என்றாயே. இப்போது மூன்று பெயரையும் அச்சடித்து வீடு வீடாகப் போடப் போகிறார்கள். திருப்தியா?

மிஸஸ் ஓ. எல். பெட்டவே


சிகாகோ
18 செப்டம்பர் 1962

அக்கா,

பாதிரியார் மனைவி மிஸஸ் டியூப்ரீ பேப்பர் துண்டை அனுப்பியிருந்தார். வேலைக்கு நடுவில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

உன் பெயரையும் ஸ்பைவியின் பெயரையும், தெருவையும், வீட்டு அடையாளத்தையும் போட்டிருக்கிறார்கள், வழி தெரியாதவன்கூட வந்து சேருகிற மாதிரி. மிஸஸ் இல்லை. அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கு நேர் கீழே என்ன செய்தி இருந்தது, பார்த்தாயா? மிஸஸ் கிராப்ட்ரீயின் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறதாம். தாயும் சேயும் நலமாம். அந்தப் பூனையின் பெயர் ‘மிஸ் பட்டர்கப்’. மிஸ் சேர்த்துத்தான் அச்சடித்திருக்கிறார்கள், அக்கா. இரண்டு இடத்தில்.

அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது இந்த மிஸஸ் சமாச்சாரம். பூனைக்கு உண்டு, உனக்கு இல்லை. ஐம்பத்திரண்டு வருஷம் அந்த மண்ணில் நடந்தவளுக்கு இல்லை. நான் வகை பிரித்துக்கொண்டிருந்த கடிதக் கட்டு முழுக்கத் தப்பான பெட்டியில் போய் விழுந்தது. மேற்பார்வை பார்க்கிறவர் "என்னாச்சு மிஸ் பிக்கன்ஸ், உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு. எலியைத் துரத்திவிட்டு இடம் பண்ணுகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதாக நான் எழுதினதை மறந்துவிடு. ஏதோ ஒரு கொழுப்பில் எழுதினேன்.

வெர்டெல்


டன்லோ
9 அக்டோபர் 1962

வெர்டெல்,

நீ எழுதினதை நான் மறப்பதாக இல்லை. அதை நம்பித்தான் போனேன். இப்போது கொழுப்பில் எழுதினேன் என்று பின்வாங்காதே.

பூனையைப் பார்த்தேன். பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறவள் நான். மிஸ் பட்டர்கப்புக்குக் கால்வாய்ச் சட்டம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

தைக்கக் கொடுத்தவர்கள் துணியையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி ஒரு கை மட்டும் தைத்து முடித்த சட்டையோடு போனாள். மிஸஸ் கிராப்ட்ரீ காரிலேயே உட்கார்ந்து ஆள் அனுப்பினாள். அவள் பேத்தி மட்டும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டி "ஓஸெல்லா!" என்று கத்தியது. கிழவி அதன் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடியை ஏற்றினாள். ஆக, கூப்பிடுகிற அளவுக்குக்கூட இப்போது நான் ஆகாதவள். நம் ஆட்கள் கொடுக்கிற தேவாலயப் பாடகர் அங்கி இருக்கிறது, கிழிசல் இருக்கிறது. பிழைப்பு ஓடும். சர்க்கரைவள்ளி நல்ல விளைச்சல்.

ஸ்பைவியின் தொழுவம் எரிந்துவிட்டது. வைக்கோல் தானாகப் பற்றிக்கொண்டதாம். ஷெரிப் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். மழை பெய்த மறுநாள். இந்த ஊரில் வைக்கோலுக்குத்தான் எவ்வளவு சூடு! ஸ்பைவி இப்போது தேவாலயத்தில் தூங்குவதில்லை.

நான் கட்டிலைத் தெருப்பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றிவிட்டேன். முன்னறையில் வெயில் அதிகம் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஹக்கபி உன் கடிதத்தை ஒன்பது நாள் வைத்திருந்து கொடுத்தான். பிரித்து ஒட்டின தழும்பு இருந்தது. "ஓட்டு வந்துடுச்சா ஓஸெல்லா? வந்தா சொல்லு, மிஸஸ்னு போட்டு வருதா பாக்கலாம்" என்றான், கூட்டத்தைப் பார்த்து. கூட்டமும் சிரித்தது. பதிவாளரும் கேட்டார், இவனும் கேட்கிறான். பெயர் தெரிந்த பிறகு எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஏதோ இருக்கிறது. தொழுவத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன் வெர்டெல், அந்தச் சிரிப்பு இறங்க மாட்டேன் என்கிறது. அவன் வாயில் என் பெயர் புகையிலை மாதிரி கிடக்கிறது. மெல்லுகிறான், துப்புகிறான்.

சிகாகோவுக்கு வரமாட்டேன். என்னை ஓட்டிவிடத்தானே இவ்வளவும். என் செலவில் டிக்கெட் எடுத்து அவர்களுக்கு உதவி பண்ண வேண்டுமா?

மிஸஸ் ஓ. எல். பெட்டவே


சிகாகோ
26 நவம்பர் 1962

அக்கா,

இதை மிஸஸ் டியூப்ரீ விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

இன்னொரு கடிதம் வருகிறது. பதிவுத் தபால். அது மற்றக் கடிதம் மாதிரி இல்லை. அனுப்புகிற இடத்திலிருந்து சேருகிற இடம்வரை ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும். அவன் ஒன்பது நாள் வைத்திருக்க முடியாது, பிரித்து ஒட்ட முடியாது. கடைசியில் ஹக்கபி தன் பதிவேட்டில் வாங்குகிறவர் பெயரை உறையில் உள்ளபடியே, தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்துக் குறைந்தாலும் மேலிடத்திலிருந்து ஆள் வந்து ஏன் என்று கேட்பான். அந்த ஆள் மிசிசிப்பிக்காரன் இல்லை. நான் இந்தச் சட்டத்தை எல்லாம் தலைகீழாகப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். இங்கே எது தப்பு என்று சொல்லுவார்கள்.

உறையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். முழுசாக எழுதியிருக்கிறேன். ஊருக்குத் தெரிந்துவிட்ட பெயரை மறுபடி ஒளிக்க முடியாது அக்கா. அதற்கு முன்னால் போட வேண்டியதைப் போட வைக்கலாம்.

பதிவேட்டை முதலில் படி. உறையும் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு. இல்லாவிட்டால் போடாதே. திருப்பி அனுப்பட்டும், காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் அவன்தான் நிரப்ப வேண்டும்.

ஆபத்து என்று தோன்றினால் வாங்காமலே விட்டுவிடு. உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை.

வெர்டெல்


டன்லோ
15 டிசம்பர் 1962

வெர்டெல்,

உன் பதிவுத் தபால் மடியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. முதலில் இதை எழுதுகிறேன்.

காலையில் போனேன். கறுப்புத் தொப்பி, அடக்கத்துக்குப் போகிற கையுறை. ஹக்கபி பெட்டகத்திலிருந்து உறையை எடுத்து வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திருப்பித் தள்ளினான்.

"என்னமோ பதிவுத் தபாலாம் ஓஸெல்லா. இங்க கைநாட்டு மாதிரி ஒரு பெருக்கல் குறி போடு."

படித்தேன். ‘ஓஸெல்லா பெட்டவே.’

"இது எனக்கு வந்தது இல்லீங்க."

"என்ன உளர்ற? உன் பேருதான?"

"உறையில போட்டிருக்கிற ஆளுக்குத்தாங்க நான் கையெழுத்துப் போடலாம். உறையக் கொஞ்சம் படிங்க."

மனசுக்குள் படித்தான். கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது. "அப்ப திருப்பி அனுப்பிடுவேன்" என்றான்.

"அனுப்புங்க. ஏன் அனுப்புறீங்கன்னு எழுத அதுல ஒரு கட்டம் இருக்காம். என்ன எழுதுவீங்க?"

அவன் பேனாவை எடுத்தான், வைத்தான். பின்னால் கதவு திறந்தது. யார் என்கிறாய்? மிஸஸ் கிராப்ட்ரீ. கை நிறையக் கிறிஸ்துமஸ் பொட்டலம். வழக்கம்போல நேரே முன்னால் வந்து நின்றாள். ஆனால் பெட்டகத்திலிருந்து எடுத்ததை முடிக்காமல் அவன் அடுத்த ஆளைப் பார்க்கக் கூடாதாமே. அதை நீ எழுதவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"மிஸ்டர் ஹக்கபி, எனக்கு ஏழு பார்சல் இருக்கு."

"ஒரு நிமிஷம் மேடம். இவ தகராறு பண்றா."

"என்ன தகராறு?"

"பேருக்கு முன்னால மிஸஸ் எழுதணுமாம்."

மிஸஸ் கிராப்ட்ரீ என்னைப் பார்த்தாள். நான் அவள் பொட்டலங்களைப் பார்த்தேன். மேல் பொட்டலம் சரிந்துகொண்டிருந்தது. பிடிக்கக் கை நீட்டவில்லை.

"எழுதித் தொலைங்களேன், மிஸ்டர் ஹக்கபி! என் கேக்கெல்லாம் நொறுங்குது."

நியாயத்துக்காகச் சொல்லவில்லை, கேக்குக்காகச் சொன்னாள். அந்த ஜாதி நியாயத்துக்காக வாயைத் திறக்கும் என்று நானும் காத்திருக்கவில்லை. இது போதும்.

எழுதினான். பெயருக்கு முன்னால் ஒரு கிறுக்கல், மை சிந்தின மாதிரி. தள்ளினான். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"இது என்ன எழுத்துங்க? எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு. நான் அஞ்சாவதுதான் படிச்சவ. தெளிவா இருந்தாத்தான் படிக்க வரும். அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க."

என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஸ்பைவியின் தொழுவமும் முதலில் அப்படி ஒரு பார்வையாகத்தான் இருந்திருக்கும். சுவரோரம் நின்ற நம் ஆட்கள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் வந்த வேலையை மறந்து வெளியே போய்விட்டார். நான் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

அடித்துவிட்டு எழுதினான். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. நான் வாய்விட்டுப் படித்தேன், சுவர்வரை கேட்கும்படி: மிஸஸ் ஓஸெல்லா லெவோனியா பெட்டவே. "சரியா இருக்கு" என்றேன். பதிவாளர் என்னிடம் சொல்லாததை நான் இவனிடம் சொல்லிவிட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். பெருக்கல் குறி இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது பின்னால் ஒரு டிரக் வந்தது. மெதுவாகவே வந்தது, பிறகு தாண்டிப் போனது. நான் நடையைக் கூட்டவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு கூட்டவும் முடியாது.

ஜனவரியில் மறுபடி பதிவாளரிடம் போகிறேன். ஸ்பைவியும் வருகிறார். இந்தத் தடவை மிஸஸ் டியூப்ரீயும் சேர்ந்துகொள்கிறார். தேறவில்லை என்பார்கள். பிப்ரவரியிலும் போவேன்.

ஒரு உதவி செய். அடுத்ததையும் பதிவுத் தபாலிலேயே அனுப்பு, அதற்கு அடுத்ததையும். உள்ளே வெறும் தாள் இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆளுக்கு மிஸஸ் எழுத இன்னும் கை படியவில்லை.

அக்கா